வாலில் வெள்ளை

எங்கள் வீட்டுச் சொந்தக்காரி பாக்கியம், மலாக்காவில் காஜா பெராங்கில் இருக்கிற கம்போங் செட்டியில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். பெயர் தமிழ், கும்பிடுகிற சாமி தமிழ், வாயைத் திறந்தால் மலாய். எனக்கோ பசாரில் பேரம் பேசுகிற அளவுக்குத்தான் மலாய் வரும். இருந்தும் ஒரே கூரையின் கீழ் அவள் முன்பக்கமும் நான் பின்பக்கமுமாகச் சண்டை சச்சரவில்லாமல் காலம் தள்ளினோம். சண்டை போடுகிற அளவுக்குப் பொதுவாக ஒரு பாஷை இல்லாமல் போனது ஒரு வசதிதான்.

பொங்கலுக்கு முதல் நாள் போகியன்று அவள் வீட்டுக் கூடத்தில் செத்தவர்களுக்கு இலை போடுவாள். ஆளுக்கு ஓர் இலை. அவரவருக்குப் பிடித்ததைப் படைத்து, மாமனார் இலைக்குப் பக்கத்தில் ஒரு சுருட்டும் வைத்து, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்துவிட்டு, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். செத்தவர்கள் கூச்சப்படாமல் சாப்பிட வேண்டுமாம். ஒவ்வொரு வருஷமும் இலை நறுக்கும்போது கத்தியும் கையுமாக என்னை நிமிர்ந்து பார்ப்பாள்.

"சத்து லாகி?" என்பாள். இன்னும் ஒன்று போடட்டுமா என்று கேட்கிறாள்.

"பெலும்" என்பேன். இன்னும் இல்லை.

அவள் கேட்டது என் புருஷனுக்கு. ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கு வாங்கிவரப் போனவரைச் சடக்கில், நடுரோட்டிலேயே மடக்கி, லோரியில் ஏற்றி, சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். கல்யாணமாகி ஒரு தீபாவளிகூடச் சேர்ந்து கொண்டாடவில்லை. சண்டை முடிந்தது. வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். பிறகு அவனும் கொடியை இறக்கிவிட்டுக் கிளம்பினான், மெர்டேக்கா என்று சுதந்திரமும் வந்தது. அவர் மட்டும் வரவில்லை. செத்தார் என்று சொல்லவும் ஆளில்லை.

கழுத்தில் தாலி, நெற்றியில் பொட்டு. கல்யாண வீட்டில் ஆரத்தி எடுக்க என்னைக் கூப்பிட மாட்டார்கள். ஒதுங்கி நில் என்றும் சொல்ல மாட்டார்கள். "சந்திரமதி, நீ இப்படி வந்து உட்காரேன்" என்று இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் காட்டுவார்கள். அந்த இடத்தில்தான் என் வயசு போனது. மசாலா அரைத்து விற்றுப் பிழைத்தேன். மிளகாய் அரைக்கிறவள் கண்ணில் தண்ணீர் வந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

மெர்டேக்காத் தோரணங்கள் வெயிலில் வெளுத்துத் தொங்கிக்கொண்டிருந்த சமயம், மாணிக்கவாசகம் என்று ஒருவர் என்னைத் தேடி வந்தார். சயாமுக்குப் போய் உயிரோடு திரும்பியவர். மலாக்காவிலேயே செமாபோக்குக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறார். கோயிலில் யாரோ என் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து வந்து, அம்மிக்குப் பக்கத்தில் நான் போட்ட பலகையில் உட்கார்ந்தார். கொடுத்த காப்பியை ஊதி ஊதிக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்கலாமா என்று இருந்தது.

"எங்க கொட்டாயில மலாக்காக்காரங்க ரெண்டு பேரு இருந்தாங்க தங்கச்சி. ஒருத்தன் காலராவுல போயிட்டான். ஒருத்தன் பொழச்சிட்டான்."

"பேரு என்னண்ணே?"

"சொன்னாங்கதான். மறந்துபோச்சு. மலாக்கான்னு கூப்பிட்டா ரெண்டு பேரும் திரும்புவாங்க. வேற பேரு தேவப்படல."

இடது முழங்காலுக்குக் கீழே ஒரு தழும்பு இருக்குமே, பார்த்தீர்களா என்றேன். அங்கே எல்லோருக்கும் முழங்காலுக்குக் கீழே புண்தான், அதில் தழும்பை எங்கே தேடுவது என்றார். முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"எலும்புக்கு ஏது தங்கச்சி மொகம்?"

என்னதான் பேசிக்கொண்டிருந்தார்கள், வீட்டைப் பற்றி, பெண்டாட்டியைப் பற்றி ஒன்றுமா சொல்லவில்லை என்று விடாமல் கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டுச் சிரித்தார்.

"ரெண்டும் புதுசாக் கல்யாணம் ஆனதுங்க. பொண்டாட்டி பேச்ச எடுத்தா அழுதுடுவானுங்க. அதனால அத விட்டுட்டு ஒரு குருவியப் பத்திச் சண்ட போடுவானுங்க. பொழுது சாஞ்சா இதே பஞ்சாயத்துதான். வீட்டு வாசல்ல கூடு கட்டுமே, தேன்சிட்டு, அதப் பத்தி. எங்க வீட்டுல கட்டறதுக்குக் கழுத்து கருநீலம், வாலு நுனியில வெள்ளன்னு ஒருத்தன் சொல்வான். போடா, எங்க வாசல்ல கட்டறதுக்குக் கழுத்து பழுப்பு, கண்ணு செவப்பு, வால்ல வெள்ளையும் இல்ல ஒண்ணும் இல்ல, அதான் அசல் தேன்சிட்டுன்னு மத்தவன் சொல்வான். நாங்க சிரிப்போம். அங்க சிரிக்கறதுக்கு வேற என்ன இருந்துச்சு?"

"செத்தது யாரு?" என்றேன்.

"நீலம்னு சொன்னவன். நாந்தான் தூக்கிட்டுப் போனேன். மத்தவன் பக்கத்துல நின்னு, நீலமாவே இருந்துட்டுப் போவட்டும்டான்னு அழுதான். ஜப்பான்காரன் போனப்புறம் அவன அங்கியே ஒரு கடையில பாத்தேன். சயாம்காரி ஒருத்தி கடை. உடம்பு தேறியிருந்தான். ஊருக்கு வரலியான்னேன். அப்புறம் பாப்போம்னான். இங்கயும் அந்தச் செவப்புக் கண்ணு குருவி இருக்குடான்னு காட்டினான்."

நான் தலைக்கு மேலே பார்த்தேன். கூரை ஓரத்தில் தொங்கும் துணி காயப்போடும் கம்பி வெறுமையாக இருந்தது. வருஷா வருஷம் அதில்தான் தேன்சிட்டு கூடு கட்டும். பாக்கியத்தின் மாமியார் காலத்திலிருந்து அதே கம்பி, அதே இடம். கல்யாணமாகி நானும் அவரும் குடிவந்ததும் இதே பின்பக்கம்தான்.

"ஒன் வீட்டுல கட்டறது எது தங்கச்சி?"

"தெரியலியே அண்ணே."

உண்மையாகவே தெரியவில்லை. என் வீட்டுக்காரருக்குக் குருவிப் பைத்தியம். கம்பியில் கட்டுவது ஒரு சாதி, கிணற்றடித் தென்னையில் திரிவது வேறு சாதி, இரண்டையும் ஆணும் பெண்ணும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது ஊர் என்று புலம்புவார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார். நான் அவர் கையைத்தான் பார்த்தேன். பத்தொன்பது வயசில் வேறு என்னத்தைப் பார்ப்பது?

எழுந்து போகும்போது மாணிக்கவாசகம் வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார். செமாபோக்கில் கோகிலா என்று ஒருத்தி இருக்கிறாள். அவள் புருஷனும் அதே மாதிரி போனவன். என் வீட்டுக்காரரையும் அவனையும் ஒரே லோரியில் ஏற்றியதைப் பார்த்தவர்கள் கோயிலில் சொன்னார்களாம், கொட்டகையில் இருந்த மலாக்காக்காரர் இரண்டு பேரும் அந்த லோரியில் வந்தவர்கள்தானாம். நேற்று அவளிடமும் இதையெல்லாம் சொல்லியிருக்கிறார். அவர்கள் இருந்த வீட்டையும் தென்னைகளையும் ஜப்பான்காரன் காலத்திலேயே அழித்துவிட்டார்களாம். அவளுக்கும் எந்தக் குருவி என்று நினைவில்லை. பார்த்துச் சொல்ல அங்கே குருவியும் இல்லை.

"ஒங்க வீட்டுக் குருவிதான் ரெண்டு பேருக்கும் சொல்லணும்," என்று சொல்லிவிட்டுக் காலை இழுத்துக்கொண்டு போனார்.

இரண்டு பொம்பளைகளுக்கு நடுவில் ஒரு புருஷன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்த பிறகு யாருக்காவது தூக்கம் வருமா? எனக்கு வரவில்லை. செமாபோக்கில் அவளுக்கும் வந்திருக்காது. நான் பார்த்தேயிராத அந்தப் பெண்ணை அன்றைக்கே வெறுக்க ஆரம்பித்தேன்.

மழைக்காலம் ஓயப்போகிற நேரத்தில் கம்பியில் கூடு எழும்பியது. முதலில் ஒரு சிலந்தி நூல், பிறகு நார், காய்ந்த இலை, பஞ்சு. அரைத்த கையோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். கட்டுகிற குருவி ஒன்றே ஒன்று. முதுகு பாசி நிறம், வயிறு மஞ்சள். கழுத்தில் நீலமும் இல்லை, பழுப்பும் இல்லை. பெட்டை! எனக்கு வந்த ஆத்திரத்தில் அம்மிக் குழவியைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. தெரிந்துகொள்ள வேண்டிய விஷயத்தைக் கழுத்தில் எழுதிக்கொண்டு திரிகிறவன் ஆண். அவன் கூடு கட்ட ஒரு நார்கூடக் கொண்டுவருவதில்லை.

கிணற்றடித் தென்னையில் திரியும் பெட்டையும் இதே மஞ்சள், இதே பாசி. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். தென்னைக் குருவிக்கு அலகு கொஞ்சம் தடிப்பு, அவ்வளவாக வளையவில்லை. கம்பிக் குருவியின் அலகு மெலிந்து வளைந்திருந்தது. அது கூட்டைப் பிடித்துத் தொங்கி வாலை விரித்தபோது வால் நுனியில் வெள்ளை தெரிந்தது. தெரிந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அன்றைக்கு மட்டும் அதை வெயில் என்று வைத்துக்கொண்டேன். மறுநாள் சிலந்தி நூல் ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு காலை, கூட்டுக்காரி செம்பருத்திப் பூவில் தொங்கிக்கொண்டிருக்கும்போது அதே செடிக்கு இன்னொன்று வந்தது. தலையில் பச்சை மினுக்கம், தோளில் ஊதா, கழுத்து பழுப்பு. என்னைத் திரும்பிப் பார்த்தது. கண் சிவப்பு.

ஒரே செடியில் மஞ்சளும் பழுப்பும் பக்கம் பக்கமாக. புருஷனும் பெண்டாட்டியும் இல்லாமல் வேறு யார்? ஊர் முழுக்க அப்படித்தான் சொல்லும், நானும் அப்படியே சொல்லிக்கொண்டேன். அவர் எதைச் சொல்லிப் புலம்பினாரோ அந்தத் தப்பையே, அவருக்காக, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பழுப்பு என்றால் செத்தவன் அவர் இல்லை, அவர் உயிரோடு இருக்கிறார்! அன்று அரைத்த மசாலாவில் உப்பு அதிகமாகிவிட்டது என்று வாங்கியவள் திட்டினாள். சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டேன்.

சந்தோஷம் அரை நாள்தான் நின்றது. உயிரோடு இருந்தால் சயாம்காரி கடையில் இருக்கிறார். உடம்பு தேறியிருக்கிறார். அப்புறம் பார்ப்போம் என்றிருக்கிறார். நான் இங்கே இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்க, அங்கே அவளுக்கு மிளகாய் அரைத்துக் கொடுக்கிறாரா? "வரட்டும், வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்கிறேன்" என்று அரைக்கிறபோதெல்லாம் வாய்விட்டுச் சண்டை போட்டேன். இத்தனை வருஷத்தில் அவரோடு அத்தனை பேச்சு பேசியதில்லை. வராதவருக்காக அழுவதைவிட அந்தச் சண்டை எவ்வளவோ தேவலையாக இருந்தது.

ஆனால் இன்னொன்றும் வந்தது. கருநீலக் கழுத்து, பளீரென்ற மஞ்சள் வயிறு. கூட்டுக்குப் பக்கத்திலேயே கம்பியில் வந்து உட்கார்ந்து சிலுப்பும். வழிப்போக்கன் என்று முடிவுகட்டினேன். பழைய பிஸ்கட் டின் ஒன்றையும் ஒரு குச்சியையும் அம்மிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அது வந்தால் தட்டுவேன். பறந்துவிடும். மறுபடி வரும், மறுபடி தட்டுவேன்.

பாக்கியம் முன்வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து இந்தக் குருவிகளோடு இருக்கிறவள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும். அதனால்தான் கேட்கவில்லை. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எனக்கு மலாய் தெரியாது என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அரைக்க ஆரம்பித்தேன்.

கூட்டுக்குள் குஞ்சுகள் கத்த ஆரம்பித்த சமயம் கோகிலா வந்தாள்.

நான் நினைத்துக்கொண்டிருந்தது போல இல்லை. என்னைவிட இரண்டு மூன்று வயசு சின்னவள். பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை செய்பவள். கையெல்லாம் எண்ணெய் தெறித்த தழும்பு. ஒரு கொத்து ரம்புத்தான் பழத்தோடு, செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு, கோயிலுக்கு வருகிற மாதிரி வந்தாள்.

"குருவி கூடு கட்டியிருக்குன்னு மாணிக்கண்ணன் சொன்னாரு. நான் கொஞ்ச நேரம் ஒக்காந்து பாக்கலாமாக்கா?"

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அவள் கழுத்திலும் என்னுடையது போலவே ஒரு கறுத்த மஞ்சள் கயிறு. பலகையைத் தள்ளிப் போட்டேன்.

"ஆம்பளக் குருவி வந்துச்சாக்கா?"

"வந்துச்சு. கழுத்து பழுப்பு. கண்ணு செவப்பு."

அவள் முகம் அப்படியே விழுந்தது. அதைப் பார்க்க நன்றாக இல்லை. ஆனாலும் நான் வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அவள் மெதுவாகத் தலையை ஆட்டினாள். வந்த காலோடு எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. டின்னைப் பார்த்தாள்.

"இது எதுக்குக்கா?"

"பூனைய வெரட்ட."

பொய் சொன்னவள் தட்ட முடியுமா? கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தோம். கூட்டின் அடியில் இழுத்துவிட்ட குப்பை வாலில் மெர்டேக்காத் தோரணத்துக் காகிதம் ஒரு துண்டு, சாயம் போய், காற்றில் ஆடியது. பெட்டை வந்தது, ஊட்டியது, போனது. வராதே, வராதே என்று நான் உள்ளுக்குள் கதறிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அவள் உதடு முணுமுணுத்தது. அவள் வா என்று வேண்டிக்கொண்டிருந்திருப்பாள். ஒரே நேரத்தில் இரண்டு வேண்டுதலையும் கேட்கிற சாமியின் பாடு திண்டாட்டம்தான்.

நீலக் கழுத்து வந்தது. இந்தத் தடவை தட்ட யாருமில்லை. அலகில் ஒரு சிலந்தி. கம்பியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, நேராகக் கூட்டு வாசலுக்குப் போய்த் தொங்கியது. உள்ளிருந்து இரண்டு வாய் திறந்தன. ஊட்டியது. ஊட்டும்போது வாலை விரித்தது. நுனியில் வெள்ளை. அதன் பின்னாலேயே பெட்டையும் வந்து தொங்கியது. அதன் வாலிலும் அதே வெள்ளை.

வழிப்போக்கன் யாராவது அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஊட்டுவானா?

கோகிலாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் இருந்த சந்தோஷத்தை அவளால் மறைக்க முடியவில்லை. மறைக்கப் பார்த்தாள் என்பதற்காகவே அவளைப் பிற்பாடு மன்னித்தேன். அந்த நிமிஷத்தில் மன்னிக்கவில்லை.

"மன்னிச்சிருங்கக்கா."

"எதுக்கு? நீயா கொன்ன?"

"அக்கா..."

"போ. போயி தலை நெறையப் பூ வச்சிக்கிட்டு ஒக்காரு. ஒன் புருஷன் உசுரோட இருக்கான். எந்திரி."

அவள் எழுந்து, ரம்புத்தானை அம்மிமேல் வைத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே ஓடினாள். போடக்கூடத் தோன்றவில்லை.

நான் அழவில்லை. நீலமாவே இருந்துட்டுப் போவட்டும்டா என்று கோகிலாவின் புருஷன் அழுததை நினைத்துக்கொண்டேன். பதினாலு வருஷமாக இல்லாத ஒருத்தரோடுதான் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். இத்தனை நாளாகச் செத்தவரோடு சண்டை போட்டிருக்கிறேன். அவர் யாருடைய கடையிலும் உட்காரவில்லை. யாருக்கும் அரைத்துக் கொடுக்கவில்லை. எங்கள் வாசல் குருவிக்கு நீலக் கழுத்து என்று சாகிறவரை சாதித்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் சொன்னதுதான் சரி என்று சொன்னால் கேட்க அவர் இல்லை. பொட்டை நானே அழித்தேன். தாலியையும் நானே கழற்றினேன். ஒப்பாரி வைக்க ஆள் கூட்டவில்லை. கூட்டினால் எந்த வருஷத்துச் சாவுக்கு அழுவார்கள்?

டின்னைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். நீலக் கழுத்து இப்போது தயக்கமில்லாமல் வந்து வந்து ஊட்டியது. அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. ஒரு நாள் குஞ்சுகள் பறந்துவிட்டன. கூடு மட்டும் கம்பியில் ஆடிக்கொண்டிருந்தது.

போகி வந்தது. பாக்கியம் இலை நறுக்க உட்கார்ந்தாள். இந்த வருஷம் அவள் கேட்கவில்லை. என் நெற்றியைப் பார்த்திருந்தாள். நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "சத்து லாகி" என்றேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் முதுகைத் தடவினாள். பிறகு இலைக்கட்டில் இருந்தவற்றில் கிழிசல் இல்லாத ஒன்றைப் பொறுக்கி எடுத்தாள்.

அவருக்கு என்ன படைப்பது? பிடித்தது எது என்று தெரிந்துகொள்கிற அளவுக்கு நான் சமைத்துப் போட்டதில்லை. அவர் வாங்கிவரப் போன மரவள்ளிக்கிழங்கையே வேகவைத்து, நெத்திலிச் சம்பால் அரைத்து வைத்தேன். பெயர் சொல்லி அழைக்க வேண்டும் என்று பாக்கியம் சைகை காட்டினாள். கட்டியவர் பெயரை நான் வாயால் சொன்னதே கிடையாது. "சேதுபதி" என்றேன். இன்னொரு தடவை சொன்னேன். நல்ல பெயர்.

எல்லோரும் வெளியேற எழுந்தபோது பின்வாசலில் யாரோ நிற்பது தெரிந்தது. கோகிலா. பொட்டு இருந்தது. தலையில் பூ இல்லை. ஆள் பாதியாக இளைத்திருந்தாள். உள்ளே கிடந்த இலைகளைப் பார்த்தாள், என் நெற்றியைப் பார்த்தாள், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அது பழுப்புதான்னு சொல்லுங்கக்கா."

எனக்குப் புரியவில்லை.

"நீங்கதான மொதல்ல சொன்னீங்க, பழுப்புக் கழுத்து, செவப்புக் கண்ணுன்னு. நான் பாத்தது தப்பா இருக்கட்டும். இத்தன வருஷமும் செத்துட்டாரோன்னு அழுதேன். இப்ப இருக்காருன்னு அழறேன். வர்றதுக்கு வழி தெரியாதவராக்கா? அந்த ரயிலு அவங்க போட்டதுதானேக்கா?"

நான் அவளிடம் போனேன்.

"எனக்கும் ஒரு எல போடச் சொல்லுங்க. ஒங்க பக்கத்துலயே. செத்துட்டாருன்னு வச்சிக்கிட்டா நான் ஒருத்தர் பொண்டாட்டியா இருந்துட்டுப் போயிடுவேன். இப்ப நான் யாருக்கா?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. உயிரோடு இருக்கிறவனுக்கு இலை கேட்கிறாளே! எனக்கு மட்டும் அந்தச் சிவப்புக் கண்ணைக் கொடுத்திருந்தால், சயாம்காரியும் இருந்துவிட்டுப் போகட்டும், அப்புறம் பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டே கிழவனாகட்டும் என்று விட்டிருப்பேனே. இவளுக்கு என் நீலக் கழுத்து வேண்டுமாம். இரண்டு பேருமே மாற்றிக்கொள்ளத் தயாராக நின்றோம். மாற்றிக் கொடுக்கத்தான் ஆளில்லை.

தமிழ் புரியாத பாக்கியம் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அழுகைக்கு மொழி வேண்டியதில்லை போலிருக்கிறது. இலைக்கட்டிலிருந்து ஓர் இலையை உருவிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"சத்து லாகி?"

கோகிலா என் கையைப் பிடித்தாள். அந்த எண்ணெய்த் தழும்புகள் சொரசொரவென்று இருந்தன. போடு என்று தலையாட்டியிருந்தால் போதும். யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் டின்னைத் தட்டி ஒரு குருவியை இல்லாமல் ஆக்கிப் பார்த்தவள் நான். தட்டத் தட்ட அது திரும்பித் திரும்பி வந்ததையும் பார்த்தவள்.

"பெலும்" என்றேன்.

பாக்கியம் இலையைக் கட்டோடு வைத்துவிட்டாள். கோகிலா என் கையை விடவில்லை. அவளை வெளியே அழைத்து வந்தேன். பாக்கியம் கதவைச் சாத்தினாள். அம்மிக்குப் பக்கத்தில், அந்தக் காலிக் கூட்டுக்குக் கீழே, இரண்டு பேரும் உட்கார்ந்தோம்.

உள்ளே அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் புருஷனும் எங்கேயோ சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருப்பான். நாங்கள் இருவரும் அன்று ஒன்றும் சாப்பிடவில்லை.